பாஸ்வேர்ட் பேச்சிக்குத்தான் தெரியும்

திரையில் ஒன்றும் வரவில்லை. ஜெபஷீலா என்டரைத் தட்டினாள், பொறுத்தாள், இன்னும் இரண்டு முறை தட்டினாள். கறுப்புத் திரையின் மூலையில் பச்சைக் கட்டம் ஒன்று மட்டும் விட்டுவிட்டு மினுங்கியது. மணி பத்து ஐம்பது. பன்னிரண்டுக்குள் இந்தப் பெட்டி வாயைத் திறந்தாக வேண்டும். பணகுடிக்குத் தெற்கே, காற்றாடிகளுக்கு நடுவில் ஒற்றை அறையாக நிற்கும் கட்டடம், அதன் மூலையில் ஓர் இரும்பு அலமாரி, அலமாரியில் ரவுட்டர். நேற்று சாயங்காலத்திலிருந்து அது சென்னை அலுவலகத்துக்குப் பதில் சொல்லவில்லை. வெளியே முப்பத்தெட்டு காற்றாடிகளும் ஆடிக் காற்றில் பேய் பிடித்ததுபோலச் சுற்றுகின்றன, சென்னைத் திரையிலோ முப்பத்தெட்டும் அசையாமல் கிடக்கின்றன. தூரத்திலிருந்து பேச வழியில்லாமல் போனால் ஆள் நேரில் வந்து, பெட்டியின் முதுகில் கன்சோல் என்று எழுதிய சின்ன ஓட்டையில் வெளிர்நீல ஒயரைச் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் மாட்டி, உனக்கு என்ன செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இருபது வருடமாக அவள் பார்க்கும் வேலை அது. கேட்டால் சொல்லிவிடும், மனுஷர் மாதிரி இல்லை என்று சொல்லிக்கொள்வாள். இன்றைக்கு அதுவும் சொல்லவில்லை. வெற்றுத் திரை என்றால் ஒயரைப் பார், கிறுக்கல் வந்தால் வேகத்தைப் பார். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை, அவளும் பேச்சியும் சேர்ந்து கண்டுபிடித்தது, சேர்மாதேவியில் ஒரு நூற்பாலையின் மாடியில், இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்று மணி நேரம் ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டி. பேச்சியை ஏன் இப்போது நினைக்க வேண்டும். ஒயரைப் பார்ப்போம்.

"மேடம், டீ குடிக்கியளா?" என்றார் சுடலைமுத்து. இந்தக் கட்டடத்தின் ஆப்பரேட்டர் அவர், பதினான்கு வருடமாக இங்கே இருக்கிறார். காற்றுக்குக் கதவு திறந்துவிடாமல் ஒரு காலால் முட்டுக்கொடுத்தபடி, கையில் பிளாஸ்க்கோடு நின்றார். "பெறவு குடிக்கேன்ணே." "பெட்டி பேசுதா?" "இன்னும் பேசல." "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. கரெண்ட் ரெண்டு தரம் வெட்டி வெட்டி வந்துச்சு, அதுல பயந்துட்டோ என்னமோ." அவர் பெட்டியை ஆட்டுக்குட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஜெபஷீலா ஒயரைப் பிடுங்கி ஊதி மறுபடி செருகினாள், அலமாரிப் பக்கம் க்ளிக் என்றது, லேப்டாப் பக்கம் இறுக்கமாகத்தான் இருந்தது, இடது பக்கத்து ஓட்டை. இடது பக்கமா? நேற்று ஆலங்குளத்தில் வலது பக்கம் அல்லவா மாட்டியிருந்தாள். இந்த லேப்டாப் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு நம்பர் வைத்திருக்கிறது, வலது பக்கத்துக்கு மூன்று, இடது பக்கத்துக்கு ஏழு. அவள் ஒயரை ஏழில் மாட்டிவிட்டு மூன்றாம் நம்பர் வாசலில் நின்று இவ்வளவு நேரமும் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இது. நாற்பத்துநாலு வயதில் கன்னம் சுட்டது. நல்லவேளை, பார்த்தது சுடலைமுத்து மட்டும், அவருக்கும் புரிந்திருக்காது. பேச்சியாக இருந்தால் ஒரு வாரம் சொல்லிக் காட்டியிருப்பாள், ஏட்டி, யார் வீட்டு வாசல்ல நின்னு யாரைக் கூப்பிடுத என்று, பஸ்ஸில் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. நம்பரை மாற்றி என்டர் தட்டியதும் திரை முழுக்கக் கிறுக்கல் வந்தது, தலைகீழ்க் கேள்விக்குறி, வட்டம், கட்டம், பல்லில்லாத சீப்பு. ஜெபஷீலா சிரித்துவிட்டாள். உயிர் இருக்கிறது. பேசுகிறது. இரண்டு பேரும் வேறு வேறு வேகத்தில் பேசுகிறோம், அவ்வளவுதான்.

வழக்கமான வேகம் ஒன்பதாயிரத்து அறுநூறு. எல்லாப் பெட்டியும் கடையிலிருந்து வரும்போது அந்த வேகத்தில்தான் வரும், எல்லோரும் அதை அப்படியே விட்டுவிடுவார்கள், பேச்சி விடமாட்டாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொட்டுதுட்டி, நமக்கு வேற வேலை இல்லையா என்பாள், தான் தொட்ட பெட்டியை எல்லாம் உச்ச வேகத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் கிளம்புவாள். சாப்பாட்டிலும் அப்படித்தான், ஜெபஷீலா டப்பாவைத் திறக்கும்போது அவள் கை கழுவிக்கொண்டிருப்பாள், பிறகு எதிரே உட்கார்ந்து, உன் குழம்பு மீனு நடந்து வந்துச்சா நீந்தி வந்துச்சா என்று ஒரு துண்டை எடுத்துக்கொள்வாள். ஜெபஷீலா யோசிக்காமல் அந்த உச்ச வேகத்தை, ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறு என்று அடித்தாள். கிறுக்கல் நின்றது. சுத்தமான எழுத்தில் ஒரே சொல் வந்து நின்றது, பாஸ்வேர்ட். அந்தச் சொல்லைப் பார்த்ததில் வந்த சந்தோஷம் நியாயத்துக்கு மீறியதாக இருந்தது. இன்னும் எனக்கு அவளைத் தெரிகிறது என்று ஒரு நினைப்பு ஓடியது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வந்தது. தெரிந்து என்ன. அலுவலக நோட்டிலிருந்து எழுதிவந்த பாஸ்வேர்டை அடித்தாள். தவறு. கை வழுக்கியிருக்கும் என்று மறுபடி அடித்தாள். தவறு. முதல் எழுத்தைப் பெரிதாக்கி அடித்தாள். தவறு, அதோடு பெட்டி வாயை மூடிக்கொண்டது. மூன்று முறை தவறினால் பத்து நிமிடம் யார் சொன்னாலும் கேட்காதே என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். யார் சொல்லி வைத்திருப்பார்கள், பேச்சிதான். இந்தப் பக்கத்துக் காற்றாடிகளை ஏழு வருடம் பார்த்தவள் அவள், மூன்று வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டபோது கடைசியாக வந்ததும் இங்கேதான். பாஸ்வேர்டை அப்போது மாற்றியிருக்கிறாள். அலுவலகத்தில் யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

போன் அடித்தது. சென்னையிலிருந்து சபேசன் சார், அவளுக்கு மேலே இருக்கும் மேலாளர். "என்னம்மா, உள்ள போயாச்சா?" "பாஸ்வேர்ட் ஒத்துக்கல சார்." "சரி, பன்னிரண்டு வரைக்கும் பாருங்க. அதுக்கு மேல முடியாது. பழசை மொத்தமா அழிச்சிட்டு, நான் மெயில்ல அனுப்பியிருக்கிற புதுசைப் போட்டு லிங்க்கைக் கொண்டு வந்துடுங்க." "சார், அதுல காற்றாடிக்குப் போற வழி எதுவும் இருக்காதே." "அதை அப்புறம் ஒண்ணொண்ணா சேர்த்துக்கலாம்மா. முதல்ல லிங்க்." போனை வைத்த பிறகும் அப்புறம் என்ற சொல் காதில் நின்றது. அப்புறம் என்றால் ஒரு வாரம். ஏழு வருடத்தில் பேச்சி கொஞ்சம் கொஞ்சமாக எழுதிச் சேர்த்தது, எந்தக் காற்றாடிக்கு எந்த வழி, எது மழையில் மக்கர் செய்யும், அதற்கு எந்த மாற்றுவழி, எல்லாம் இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது, வேறெங்கும் நகல் கிடையாது. "அழிச்சா என்ன மேடம் ஆகும்?" என்று கேட்டார் சுடலைமுத்து. அவருக்குக் காது கூர்மை, இந்தக் காற்றிலும். "ஒரு வாரத்துக்கு நீங்க ஒவ்வொரு காற்றாடியா போய் மீட்டர் பாத்து எழுதணும்ணே." "முப்பத்தெட்டுக்குமா? இந்தக் காத்துல பைக்கு முன்னால போகாது மேடம், பக்கவாட்டுலதான் போகும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார், பிறகு சிரிப்பை விட்டு, "நெட்டையன் பரவால்ல, ரோட்டோரம் நிக்கான். மாமியாருக்குப் போகணும்னா ஓடைக்குள்ள இறங்கணும்" என்றார். நெட்டையன், மாமியார், சீக்காளி. நம்பர் நினைவில் நிற்காது என்று காற்றாடிகளுக்குப் பேச்சி வைத்த பெயர்கள். மாமியாருக்கு எந்நேரமும் சத்தம், அதனால் மாமியார். "பேச்சி மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன? வள்ளியூர்ல கேமரா மாட்டுத கடை வச்சிருக்காவ. நம்பர் எங்கிட்ட இருக்கு, போடட்டா?" ஜெபஷீலா திரையைப் பார்த்தபடியே, "இருக்கட்டும்ணே, நானே பாக்கேன்" என்றாள். பேச்சியின் நம்பர் அவளிடமும் இருக்கிறது. மூன்று வருடமாகச் சும்மா இருக்கிறது. போனில் வேறு யாரையோ தேடும்போது அந்தப் பெயர் கீழிருந்து மேலே ஏறி வரும், அவள் விரல் அதைத் தொடாமல் தாண்டும்.

பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று வேலை ஓடும்போது தெரிவதில்லை. வெளியே பக்கத்துக் காற்றாடியின் இறக்கை ஒவ்வொரு தடவை கீழே வரும்போதும் யாரோ பெரிய போர்வையை உதறுவதுபோலச் சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று, எண்ணாமல் இருக்க முடியவில்லை. கயத்தாற்றிலும் இதே சத்தம்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. ஜெபஷீலாவுக்கென்று தனியாக ஒரு பெயர் பெட்டியில் ஏற்றித் தரச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதி ஒரு வருடம் ஆகியும் வரவில்லை, அதனால் இரண்டு பேரும் பேச்சியின் பெயரிலேயே உள்ளே போவார்கள், எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுத்தில் வைத்ததில்லை. அன்றைக்குத் தனியாகப் போய், மதியம் வரை இருந்து, எட்டுப் புது வழிகளைப் போட்டு, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடியது. அப்போதுதான் போன் வந்தது, எட்வின் பைக்கிலிருந்து விழுந்துவிட்டான், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்று. வீட்டுக்காரர் என்றுகூடச் சொல்லவில்லை, எட்வின் என்றுதான் சொன்னார்கள், எந்த எட்வின் என்று ஒரு நொடி யோசித்தாள், அந்த ஒரு நொடியை இன்றுவரை மறக்கவில்லை. ஒயரைப் பிடுங்கி, லேப்டாப்பை மூடி, ஓடினாள். போட்ட மாற்றத்தைப் பெட்டியில் சேமிக்கவில்லை. சேமிக்காவிட்டாலும் அது ஓடும், கரெண்ட் போய் வரும்வரை ஓடும். இரண்டு வாரம் ஓடியது. பிறகு ஒரு ராத்திரி கரெண்ட் போனது, பெட்டி தூங்கி எழுந்தது, எட்டு வழியும் அதற்கு நினைவில் இல்லை. இரண்டு நாள் மொத்தமும் நின்றது. திங்கட்கிழமை திருநெல்வேலி அலுவலகத்தில் சபேசன் சார் நேரில் வந்து உட்கார்ந்து, கடைசியாக உள்ளே போனது யார் என்று கேட்டார். காகிதத்தில் பேச்சி என்று இருந்தது. பேச்சி தலையைத் திருப்பி ஜெபஷீலாவைப் பார்த்தாள். ஜெபஷீலா மேசையைப் பார்த்தாள். சன்மைக்கா உரிந்து பழுப்பு மரம் தெரிந்த மேசை, அந்த இடம் இலங்கை மாதிரி இருந்தது, மாங்காய் மாதிரியும் இருந்தது. "நாந்தான் சார். மறந்துட்டேன்" என்றாள் பேச்சி. அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது.

மறுபடி கேள்வி வந்து நின்றது. மூன்று வாய்ப்பு. பேச்சி எதை வைப்பாள்? அவளுடைய ஸ்கூட்டர் நம்பரை அடித்தாள், அந்த ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து மேலப்பாளையம் ரயில்வே கேட்டில் எத்தனை சாயங்காலம் நின்றிருப்பாள், முன்னால் பேச்சியின் ஈரத் தலையில் மரிக்கொழுந்து வாசம். தவறு. அவள் மகன் கதிர்வேலின் பெயரையும் பிறந்த வருடத்தையும் சேர்த்து அடித்தாள். அந்தப் பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வெளியே பேச்சியின் புருஷனைவிட அதிகமாக நடந்தவள் ஜெபஷீலாதான், நர்ஸ் வந்து, இதில் யார் அப்பா என்று கேட்டாள். தவறு. பயிற்சிக்குச் சென்னை போனபோது தங்கிய விடுதியின் அறை எண், அங்கே மின்விசிறி ஓடாமல் இரண்டு பேரும் மொட்டை மாடியில் பாயைப் போட்டு, பேச்சி நட்சத்திரத்தை எல்லாம் சர்வர் என்றும் சந்திரனை ரவுட்டர் என்றும் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனது. தவறு. பத்து நிமிடம். மணி பதினொன்று பதினைந்து. சுடலைமுத்து கேட்காமலே டீயை ஊற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பயம் டீயோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. பெட்டி போனால் போகட்டும், வேலையில் இது நடப்பதுதான், அழித்துப் போட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு அவள் கையாலேயே அழிக்க வேண்டும் என்பதுதான் பயம். எங்கள் அலுவலகத்தில் பேச்சி என்ற ஆள் இருந்ததற்கு இதைத் தவிர வேறு என்ன மிச்சம் இருக்கிறது? ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. யாராவது மாற்றம் போட்டுச் சேமிக்க மறந்தால் அதற்குப் பெயர் பேச்சி ஆவது. சேவ் பண்ணிட்டியாப்பா, பேச்சி ஆயிரப்போகுது என்று பயிற்சிப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அவளைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள், அது ஏதோ கம்ப்யூட்டர் வார்த்தை என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். ஜெபஷீலாவுக்கு முன்னாலேயே சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் பையில் எதையோ தேடுவாள். பேச்சி போனதற்குக் காரணம் அந்தக் கூட்டம் இல்லை, ஓசூருக்கு மாற்றியதுதான் என்று கொஞ்ச நாள் தன்னிடமே சொல்லிப் பார்த்தாள். ஓசூருக்கு ஏன் மாற்றினார்கள் என்று அடுத்த கேள்வி வந்தது, அதோடு அந்தப் பேச்சை விட்டாள். நான் காண்ட்ராக்டில் இருந்தேன், எட்வின் காலில் கம்பி வைத்துக் கிடந்தார், வாயைத் திறந்தால் வேலை போயிருக்கும். உண்மைதான். அந்தத் திங்கட்கிழமைக்கு அது பதில். செவ்வாய்க்கிழமைக்கு என்ன பதில்? செவ்வாய் போய், எட்வின் நொண்டாமல் நடந்து, அவள் நிரந்தரமாகி, மூன்று கிறிஸ்துமஸ் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு வருடா வருடம் பேச்சி வீட்டுக்குப் போகும் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும், முதல் வருடம் எடுத்து வைத்து நான்கு நாள் கழித்து வீட்டிலேயே தின்று தீர்த்தார்கள், எட்வின் ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த வருடம் அவள் எடுத்து வைக்கவில்லை. இந்தப் பாஸ்வேர்டை என்னை நினைத்து வைத்திருப்பாளோ. வசவாக இருக்குமோ. துரோகி என்று இங்கிலீஷ் எழுத்தில். அல்லது வசவாக இல்லாமல். ச்சே, என்ன நினைப்பு இது, மூன்று வருடம் எட்டிப் பார்க்காதவளுக்கு இதற்கு மட்டும் ஆசை.

பெட்டி மறுபடி கேட்டது. பணகுடி என்று ஆங்கிலத்தில் அடித்தாள், தவறு. அடுத்தது என்ன அடிக்கப் போகிறோம் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. ஷீலா என்று அடித்தாள், அழித்தாள், சுடலைமுத்து பார்க்கிறாரா என்று பார்த்தாள், அவர் மீட்டர் பலகையின் முன்னால் நின்று எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். மறுபடி அடித்தாள். அடிக்கும்போது திரையில் எழுத்து தெரியாது, யார் என்ன அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் கூச்சமாக இருந்தது. என்டர். தவறு. உள்ளே ஏதோ ஒன்று சாய்ந்தது, அதே நேரம் மூச்சும் லேசானது. இல்லை. நான் இல்லை. இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது, அதையும் வீணாக்கினால் இன்னொரு பத்து நிமிடம் போய்விடும், அதற்குப் பிறகு அழிக்கும் வேலையை ஆரம்பிக்க வேண்டியதுதான். சுடலைமுத்து திரும்பி, "ஓடையில முள்ளு வேற வளந்து கிடக்கு" என்றார், யாரிடமும் சொல்லாததுபோல. ஜெபஷீலா போனை எடுத்தாள். பெயர் கீழிருந்து ஏறி வந்தது. இந்தத் தடவை விரல் தாண்டவில்லை.

மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் சுவரில் யாரோ ட்ரில் போடும் சத்தம். "சொல்லுட்டி" என்றாள் பேச்சி.

ஹலோ இல்லை, யாரு இல்லை. நேற்றுச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பிரிந்தவள் மாதிரி. ஜெபஷீலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "பணகுடியில நிக்கேன்" என்றாள். "பாஸ்வேர்ட் கேக்கு. நோட்டுல உள்ளது வேலை செய்யல."

"நான் மாத்திட்டேன்லா. ஸ்பீடு கண்டுபிடிச்சிட்டியா?"

"அது கண்டுபிடிச்சிட்டேன்."

"அது போதும். பெட்டியைத் தூக்கி அடியில பாரு."

"அடியிலயா?"

"ஆமா, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். பாக்கலியா நீ?"

பார்க்கவில்லை. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பாஸ்வேர்டை எழுதிப் பெட்டியிலேயே ஒட்டுவது இந்தத் தொழிலில் செய்யக் கூடாத முதல் காரியம், வீட்டுச் சாவியை வாசல் கதவிலேயே தொங்கவிடுவது மாதிரி, அதனால் இருபது வருட அனுபவம் உள்ள ஒருத்திக்கு அந்த இடம் கண்ணிலேயே படாது. ஒயர் கழன்றுவிடாமல் பெட்டியை ஒரு பக்கமாகத் தூக்கித் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். தூசிக்கு அடியில் நீலப் பேனா, பேச்சியின் அகலமான எழுத்து. ஊர்ப் பெயரும் முப்பத்தெட்டும். "இவ்வளவுதானா?" என்றாள்.

"வேற என்ன வைக்கச் சொல்லுத? அடிக்க லேசா இருக்கணும்லா."

"இதை ஒட்டினதுக்கே உன்னை வேலையை விட்டு அனுப்பிருப்பானுவ."

"வேலையை விட்டுட்டுத்தானட்டி ஒட்டினேன்."

சுடலைமுத்து எட்டிப் பார்த்தார், மேடம் ஏன் சிரிக்கிறாள் என்று. ஸ்டிக்கரில் பாஸ்வேர்டுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது, சிக்கல் என்றால் கூப்பிடவும் என்று, பத்து இலக்கம், பேச்சியின் நம்பர். "நம்பர் வேற போட்டிருக்க. யாருக்கு?" என்று கேட்டாள்.

"வாறவங்களுக்கு." ட்ரில் நின்று மறுபடி ஓடியது. "நான் போன பெறவு இந்தப் பக்கம் உன்னைத் தவிர யாரு வரப்போறா."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடித்தாள். பெட்டி உள்ளே விட்டது. சென்னைப் பக்கத்து இணைப்பு, நேற்றுக் கரெண்ட் வெட்டியதில் தடுமாறி, தானாகவே மூடிக்கொண்டு கிடந்தது. திறந்தாள். விளக்கு ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு வந்தது. நெட்டையன், மாமியார், சீக்காளி என்று வரிசையாகப் பெயர்கள் திரையில் ஏறி வர, "வந்துட்டுண்ணே" என்று சுடலைமுத்துவிடம் சொன்னாள். அவர் வாயைத் திறந்து, "மேடத்தைக் கேட்டேன்னு சொல்லுங்க!" என்று போனுக்குக் கேட்கும்படி கத்தினார்.

"அண்ணாச்சி நல்லா இருக்காவளா? சரி, சேவ் பண்ணிட்டியா?" என்றாள் பேச்சி.

வழக்கமாகக் கேட்பதுதான். பதினேழு வருடம் ஒருத்தி முடித்தால் மற்றவள் கேட்டது. கேட்டு முடித்த பிறகுதான் அதில் கயத்தாறு இருப்பது இரண்டு பேருக்கும் கேட்டது. ஜெபஷீலா சேமித்தாள், மூன்று விசைகளைத் தட்டும் சத்தம் வள்ளியூர் வரைக்கும் போயிருக்கும். "பண்ணிட்டேன்" என்றாள். "சரி, வைக்கட்டா? இங்க பையன் தப்பான சுவத்துல ஓட்டை போட்டுக்கிட்டிருக்கான்" என்றாள் பேச்சி. கேட்க வேண்டியதெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இனிமேல் சாக்கு ஒன்றும் கையில் இல்லை.

"வைக்காத பேச்சி."

"ம்."

"கயத்தாறுல அன்னைக்கு சேவ் பண்ணாம ஓடி வந்தது நான்."

"ஏட்டி, அது எனக்குத் தெரியாதா? நான் அன்னைக்கு அங்க போகவே இல்லையே."

"பெறவு எதுக்கு நீன்னு சொன்ன?"

"எட்வின் அண்ணன் காலைக் கட்டிப்போட்டுக் கிடந்தாவ. நீ காண்ட்ராக்ட். உன்னைன்னா அன்னைக்கே அனுப்பிருப்பான். என்னை அனுப்ப ரெண்டு மாசமாவது ஆகும்லா." ட்ரில்காரனை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும், சத்தம் இல்லை. "அதுல எனக்கு ஒண்ணும் இல்ல ஷீலா. நானாச் சொன்னது. சாயங்காலம் பஸ்ல ஏதாவது சொல்லுவேன்னு பாத்தேன். நீ சன்னல் பக்கமே பாத்துட்டு வந்த. சரி, அண்ணன் நினைப்பா இருக்கும்னு விட்டேன். மறுநாள் பாத்தேன். ஓசூர்னு ஆர்டர் வந்த அன்னைக்கும் பாத்தேன். அதுக்குப் பெறவு பாக்கதை விட்டுட்டேன்."

"என்ன சொல்லிக் கூப்பிடன்னு தெரியல பேச்சி."

"லூசு. பாஸ்வேர்ட் தெரியலன்னு கூப்பிட்டிருக்கலாம்லா."

அப்போது போனில் இன்னொரு அழைப்பு விட்டுவிட்டுக் கேட்டது. மணி பதினொன்று ஐம்பது. "சபேசன் சார்" என்றாள். "எடுத்துப் பேசு. நான் லைன்லதான் இருக்கேன்." எடுத்தாள். லிங்க் வந்ததைச் சென்னையில் பார்த்துவிட்டார்கள், சபேசன் சார் குரலில் வெயில் இறங்கியிருந்தது. பாஸ்வேர்ட் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். பேச்சியிடம் கேட்டேன் என்றாள். "எந்தப் பேச்சி? ஓ, அந்தப் பேச்சியா!" என்று சிரித்தார், அந்தச் சொல்லுக்கு அலுவலகத்தில் எல்லோரும் சிரிக்கும் அதே சிரிப்பு. எதையோ தேடுவதற்குப் பையும் பக்கத்தில் இல்லை. "சார், கயத்தாறுல அது பேச்சி இல்ல. நான்" என்றாள். "என்னம்மா?" "சேவ் பண்ணாம போனது நான் சார். அவ பேர்ல உள்ள போயிருந்தேன். அன்னைக்குக் கூட்டத்துலயே சொல்லிருக்கணும்." மூணு வருஷத்துக்கு முந்தி நடந்ததுக்கு இப்ப என்னம்மா என்றார், நீங்க சொல்றது சீரியஸான விஷயம் என்றார், கடைசியில் எல்லாக் காரியமும் போய் முடியும் இடத்துக்கு வந்து, "மெயில்ல போடுங்க, பாக்கலாம்" என்றார். "எல்லாருக்கும் சேத்தே போடுதேன் சார்" என்றாள். டீ டம்ளரை எடுக்கப் போய் எடுக்காமல் விட்டாள்.

பேச்சி லைனில் இருந்தாள். "என்ன சொன்னான்?"

"மெயில் போடச் சொன்னாரு."

"எதை?"

"நாந்தான்னு சொல்லிட்டேன்."

"உனக்கு மண்டையில ஏதும் இருக்கா? இப்பப் போயி யாரு உன்னைக் கேட்டா?"

"உன் பேரை வச்சுப் பேசுதானுவ பேச்சி. யாராவது சேவ் பண்ண மறந்தா, பேச்சி ஆயிட்டுன்னு சொல்லுதானுவ. நேத்து வந்த புள்ளையளும் சொல்லுது."

சொன்ன பிறகுதான், இது அவளுக்குத் தெரியாதே என்று உறைத்தது. பேச்சி மெதுவாக, "பேச்சி ஆயிட்டுன்னா?" என்றாள், ருசி பார்ப்பதுபோல. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிற்கவில்லை. சேர்மாதேவி நூற்பாலை மாடியில் சிரித்த சிரிப்பு, மூச்சு வாங்கி, விட்டு, மறுபடி பிடித்துக்கொள்ளும் சிரிப்பு, ஜெபஷீலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "மெயில் போட்டா இனிமே ஷீலா ஆயிட்டுன்னு சொல்லுவானுவளோ?"

"சொல்லட்டும்."

"நல்லால்லட்டி. பேச்சின்னாத்தான் எடுப்பா இருக்கு." சிரிப்பு மெல்லத் தணிந்தது. போனை வைத்துவிட்டாளோ என்று ஜெபஷீலா காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"கடைக்கு வரட்டா? வள்ளியூர் வழியாத்தான் போவேன்."

"இன்னைக்கு வராத" என்றாள் பேச்சி. விளையாட்டுக் குரல் இல்லை. "இன்னைக்கு வந்தா சிரிச்சுப் பேசி அனுப்பிருவேன். அது வேண்டாம். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வீட்டுக்கு வா. அண்ணனைக் கூட்டிட்டு வராத, தனியா வா. உன்னை ஏச வேண்டியது நிறைய இருக்கு, மூணு வருஷத்துக்கு உள்ளது. சாப்பிடாம வா."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் ஜெபஷீலா.